கலைக்களஞ்சியத்தின் முகப்பும் 'தமிழ்' என்னும் ஒரு சொல்லும்



பெங்களூரில், ஆங்கிலத்தில் கண்டோன்மென்ட் என்றும் கன்னடத்தில் தண்டு என்றும் வழங்கும் பகுதியில், ரிச்சர்ட்ஸ் டவுன் என்னும் பேட்டை இருக்கிறது. 1809-ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் அங்கே படைத்தளம் அமைத்த நாள்தொட்டு, படைக்கு வேண்டிய தொழில்களைச் செய்யத் தமிழ் வழங்கும் மாவட்டங்களிலிருந்து வந்து தண்டில் குடியேறியோர் பலர். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் அப்பகுதியில் வாழ்கின்றனர். அண்மைக் காலத்தில் வேலை நாடி வந்து சேர்ந்தவர்களும் உளர். அங்கே தெருவில் நடந்துகொண்டே கடைப் பலகைகளைப் பார்த்தால் கன்னடமும் ஆங்கிலமும் காணப்படும். பலகையின் பரப்பில் 60 விழுக்காடு கன்னடமாக இருத்தல் வேண்டும் என்று 2024-ஆம் ஆண்டில் கர்நாடகத்தில் சட்டத் திருத்தமும் செய்யப்பட்டது. ஒரு மாநிலத்தின் மொழிக்கு அம்மாநிலத்தின் தெருவில் முதலிடம் தருவதில் நாம் குறை காண இடமில்லை. தமிழ் அங்கே வீட்டிலும், கோயிலிலும், தேவாலயத்திலும், சந்தையிலும் வாய்மொழியாக வாழ்கிறது.

அவ்வாறாயின், அங்கு வளரும் தமிழ்க் குழந்தை ஒன்று தமிழ் எழுத்தைக் காணும் இடம் எது? தமிழைப் பாடமாகப் படிக்கும் வாய்ப்பு எல்லாப் பள்ளிகளிலும் இல்லை. முன்பு நாட்காட்டியும், வாரந்தோறும் வரும் இதழும், பாட்டனார் சேர்த்து வைத்த புத்தகங்களும் இருந்தன. தமிழ் வளர்ச்சிக் கழகத்தார் பெரியசாமித் தூரன் அவர்களை முதன்மை ஆசிரியராகக் கொண்டு 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வெளியிட்ட கலைக்களஞ்சியத்தை அலமாரியில் வைத்திருந்த வெளிமாநிலத் தமிழ்க் குடும்பங்கள் உண்டு. படிக்காதவர் கண்ணிலும் அதன் முதுகில் பொறித்திருந்த எழுத்துப் பட்டுக்கொண்டே இருக்கும். இன்று குழந்தையின் கண் செல்லும் இடம் திரை. ஏதேனும் ஒன்றை அறிய வேண்டுமாயின் அது ஆங்கிலத்தில் தேடுகிறது. தேடியதும் பெரும்பாலும் ஆங்கில விக்கிப்பீடியாவின் பக்கமே முதலில் வந்து நிற்கிறது. அந்தப் பக்கத்தில் எங்கேனும் 'தமிழ்' என்ற சொல் தமிழ் எழுத்தில் அதன் கண்ணுக்குப் படுகிறதா? இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் இதுவே. ஓர் இணையத்தளத்தின் முகப்பைத் திருத்தியமைத்த கதையாக இதனைச் சொல்லப் போகிறேன்.

விக்கிப்பீடியா 2001-ஆம் ஆண்டு ஜனவரியில் தொடங்கியது. இன்று 300-க்கு மேற்பட்ட மொழிகளில் அது வழங்குகிறது. அதனை இயக்கும் மென்பொருளின் பெயர் மீடியாவிக்கி. இது திறமூல மென்பொருள் என்னும் வகையைச் சேர்ந்தது. அதாவது, அந்த மென்பொருள் எழுதப்பட்டுள்ள ஒவ்வொரு வரியையும் எவரும் படித்துப் பார்க்கலாம். படியெடுத்துத் தம் தேவைக்கேற்ப மாற்றலாம். மாற்றியதைப் பிறருக்கு வழங்கலாம். திருத்தம் ஒன்று நல்லது என்று தோன்றினால் மூலத்திலேயே சேர்க்குமாறு முன்வைக்கலாம். இவ்வுரிமை பொது உரிமம் ஒன்றினால் காக்கப்படுகிறது. வாணிக நிறுவனம் ஒன்று தன் தளத்தின் முகத்தை மாற்றும்போது வாடிக்கையாளரைக் கேட்க வேண்டிய கடமை இல்லை. பொதுச் சொத்தாகிய தளத்தில் அவ்வாறு செய்ய இயலாது. எழுதுபவரும், திருத்துபவரும், படிப்பவரும் தத்தம் பங்கைக் கேட்பார்கள். ஆகவே அங்கே ஒரு பொத்தானை இடம் மாற்றுவதற்கும் ஆண்டுக்கணக்கில் வழக்கு நடக்கும். சிலர் இதனைக் குறையாகக் கூறுவர். எனக்கு அது குறையாகப் படவில்லை. ஏன் என்பதைப் பின்னர்க் காண்போம்.

தமிழ் விக்கிப்பீடியா 2003-ஆம் ஆண்டில் உருவாயிற்று. அதனைத் தொடக்க காலத்திலேயே முன்னின்று வளர்த்தவர் யாழ்ப்பாணத்தவரான இ. மயூரநாதன் அவர்கள். அவர் கட்டடக்கலை பயின்றவர். அந்நாளில் வளைகுடா நாட்டில் பணிபுரிந்துகொண்டிருந்தார். தமிழ் வழங்கும் நிலத்திற்கு வெளியே இருந்த ஒருவர், பணி முடிந்து எஞ்சிய பொழுதில் தொடங்கிய வேலை அது என்பதை வெளிமாநிலங்களில் வாழும் நேயர்கள் மனத்திற் கொள்ளவேண்டும். அவருடைய இந்தத் தொண்டுக்காக 2015-ஆம் ஆண்டுக்குரிய இயல் விருது வழங்கப்பட்டது. இன்று தமிழ் விக்கிப்பீடியாவில் 1,50,000-க்கு மேற்பட்ட கட்டுரைகள் இருக்கின்றன. ஆனால் கட்டுரை இருப்பது ஒன்று. அது இருக்கிறது என்பது படிப்பவருக்குத் தெரிவது மற்றொன்று. ஆங்கிலப் பக்கத்திலிருந்து தமிழ்ப் பக்கத்திற்குச் செல்லும் வழி, பக்கத்தின் ஓரத்தில் உள்ள மொழிப் பட்டியலே.

அப்பட்டியல் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். 2004-ஆம் ஆண்டு முதல் ஆறு ஆண்டுகள் வழங்கிய பழைய தோற்றத்தில், திரையின் இடப்பக்கத்தில் ஒரு நீண்ட பட்டை இருக்கும். அதன் மேற்பகுதியில் தேடும் கட்டமும் கருவிகளும் இருக்கும். கீழே சென்றால், அந்தக் கட்டுரை எந்தெந்த மொழிகளில் உண்டோ அந்த மொழிகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒவ்வொரு பெயரும் அதனதன் எழுத்திலேயே இருக்கும். இது சிறிய செய்தியாகத் தோன்றலாம். தமிழைத் 'தமிழ்' என்று தமிழ் எழுத்தில் எழுதி, கன்னடத்தைக் கன்னட எழுத்தில் எழுதி, எல்லாவற்றையும் ஒரே அளவில் ஒரே வரிசையில் நிறுத்திய அந்தப் பட்டியலைப் போல உலக மொழிகளுக்குச் சம ஆசனம் தந்த இடம் வேறொன்று இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ரோம எழுத்தின் அகர வரிசையில் அமைந்தமையால் தமிழ் சற்றுக் கீழே நிற்கும். ஸ்வீடன் நாட்டு மொழியையும் பிலிப்பைன் நாட்டுத் தகலோக்கையும் கடந்து வந்தால் தமிழைக் காணலாம். அதனை அடுத்துச் சற்றுத் தொலைவில் தெலுங்கு நிற்கும்.

2008-ஆம் ஆண்டின் இறுதியில், விக்கிப்பீடியாவைப் புதியவர்கள் எளிதாகக் கையாளும்படி செய்வதற்கென்று ஸ்டான்டன் அறக்கட்டளை 8,90,000 டாலர் நன்கொடை அளித்தது. அந்தப் பொருளைக் கொண்டு புதிய தோற்றம் ஒன்று வகுக்கப்பட்டது. வெக்டர் என்பது அதன் பெயர். 2010-ஆம் ஆண்டு மே மாதத்தில் ஆங்கில விக்கிப்பீடியா அத்தோற்றத்திற்கு மாறியது. பல வகையில் அது நல்ல மாற்றமே. பக்கம் தெளிவாயிற்று, திருத்தும் கருவிகள் விளங்கின. ஆனால் ஒரு வேலை நடந்திருந்தது. இடப்பக்கத்து மொழிப் பட்டியல் மடக்கி வைக்கப்பட்டிருந்தது. 'மொழிகள்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் ஒன்று மட்டும் தெரியும். அதனை அழுத்தினால்தான் பட்டியல் விரியும்.

மடக்கியவர்கள் காரணமின்றிச் செய்யவில்லை. திரையில் பொருள்கள் மிகுந்தால் புதியவர் மிரளுவர். எனவே குறைவாகப் பயன்படுவதை மறைத்து வைப்பது நல்லது என்பது அவர்கள் கருத்து. எதனை மறைப்பது என்று அறியக் கணக்கெடுத்தார்கள். ஆங்கிலப் பக்கங்களுக்கு வருவோரில் மொழிப் பட்டியலை அழுத்துபவர் நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை என்று கணக்குக் காட்டியது. அக்கணக்கு பிழையன்று. ஆயினும் அதிலிருந்து பெற்ற முடிவு சரிதானா?

நூற்றுக்கு ஒருவரினும் குறைவு என்றால் சிறிதாகத் தோன்றுகிறது. ஒரு கோடி பேர் வரும் வாயிலில் அது ஓர் இலட்சத்தை நெருங்கும் கூட்டம். மேலும், அந்த ஒருவர் யார் என்பதைக் கணக்குச் சொல்லவில்லை. ஆங்கிலத்தில் பிறந்து ஆங்கிலத்தில் வளர்ந்தவர் வேறு மொழியை அழுத்த வேண்டுவதில்லை. அவர்களுடைய பெருந்தொகை சதவிகிதத்தைக் குறைத்துவிடுகிறது. அழுத்துபவர், ஆங்கிலம் தெரிந்தும் தன் மொழியில் படிக்க விரும்புகிறவர்; அல்லது ஆங்கிலம் அரைகுறையாகத் தெரிந்து தட்டித் தடவி வந்து சேர்ந்தவர். மருத்துவமனையில் சாய்தள வழியைப் பயன்படுத்துவோர் நூற்றுக்கு இருவர் மூவரே இருப்பர். அதனைக் கதவிட்டு மூடிவைக்க எவரும் எண்ணுவதில்லை. இன்னொன்றும் உண்டு. அப்பட்டியலின் பயன் அழுத்துவதோடு முடிவதில்லை. அழுத்தாதவரும் அதனைக் காண்கிறார். கண்டு, 'இந்தப் பொருளைப் பற்றி என் மொழியிலும் எழுதியிருக்கிறார்கள்' என்று அறிகிறார். அவ்வறிவு எந்தச் சொடுக்குக் கணக்கிலும் பதிவாவதில்லை. இந்த இரண்டாவது வாதத்தை அந்நாளில் பல நாட்டுத் தன்னார்வலர்கள் அழுத்தமாக எடுத்துரைத்தார்கள்.

விவாதம் சூடாக நடந்தது. சில வாரங்களுக்குள் பட்டியல் மீண்டும் விரித்து வைக்கப்பட்டது. இலாப நோக்குடைய நிறுவனமாக இருந்திருப்பின், நூற்றுக்கு ஒருவரினும் குறைந்தோருக்காக, அதுவும் பெரும்பாலும் வேற்று நாட்டாருக்காக, கணக்கு காட்டிய முடிவைக் கைவிட்டிருப்பார்களா என்பது ஐயமே. முகப்பை மாற்றுவதற்கு ஆண்டுக்கணக்கில் வழக்காடுவதைக் குறையாக நான் எண்ணாததற்குக் காரணம் இதுதான்.

இதில் ஒரு காலப் பொருத்தத்தைக் கவனியுங்கள். அதே 2010-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் கோயம்புத்தூரில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது. அதனையொட்டித் தமிழ்நாட்டு அரசு கல்லூரி மாணவர்களுக்குத் தமிழ் விக்கிப்பீடியாக் கட்டுரைப் போட்டி ஒன்றை நடத்தியது. ஒருபுறம் தமிழில் கட்டுரைகள் பெருக ஏற்பாடு. மறுபுறம், கடலுக்கு அப்பால், அக்கட்டுரைகளுக்குச் செல்லும் வழி மடக்கப்பட்டுப் பின் விரிக்கப்படுகிறது. இரண்டையும் ஒருசேர நோக்கியவர் மிகச் சிலராகவே இருந்திருப்பர்.

இருந்தும் காணப்படாமல் இருப்பது என்றால் என்ன என்பதைப் பெங்களூர்த் தமிழருக்கு எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. அல்சூர் ஏரியின் அருகே நிறுவிய திருவள்ளுவர் சிலை 1991-ஆம் ஆண்டு முதல் பதினெட்டு ஆண்டுகள் மூடியே இருந்தது. இரு மாநில அரசுகளும் இணங்கி, 2009-ஆம் ஆண்டு ஆகஸ்டு 9-ஆம் நாள் அதனைத் திறந்தன. நான்கு நாள்கள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பட்டது. ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து அல்சூர் ஏரி வெகு தொலைவில் இல்லை.

கதைக்குத் திரும்புவோம். 2016-ஆம் ஆண்டில் பட்டியல் மற்றொரு மாற்றம் பெற்றது. சில கட்டுரைகள் நூற்றுக்கு மேற்பட்ட மொழிகளில் எழுதப்பட்டுவிட்டமையால் பட்டியல் மிக நீண்டு போயிற்று. எனவே படிப்பவருக்கு வேண்டியனவாக இருக்கக்கூடிய ஏறத்தாழ ஒன்பது மொழிகளை மட்டும் பொறுக்கிக் காட்டி, ஏனையவற்றை ஒரு பொத்தானுக்குள் வைத்தார்கள். பொறுக்குவதற்கு அடிப்படை மூன்று. அவர் முன்பு தேர்ந்த மொழி எது, அவருடைய உலாவியில் அமைத்துள்ள மொழி எது, அவர் எந்த நாட்டிலிருந்து படிக்கிறார் என்பனவே அவை. இங்கே நாடு என்பது நாடு முழுவதையும் குறிக்கும்; மாநிலம் என்னும் பிரிவு அதில் இல்லை. ஆகவே மதுரையிலிருந்து படிப்பவருக்கும், ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து படிப்பவருக்கும், தில்லி கரோல் பாக்கிலிருந்து படிப்பவருக்கும் இந்திய மொழிகள் ஒன்றுபோலவே முன்வைக்கப்பட்டன. மொழிவாரி மாநிலங்களாகப் பிரிந்த நாட்டில், எல்லை தாண்டி வாழ்பவரின் மொழியையும் நினைவில் வைத்த ஏற்பாடு அது. வகுத்தவர்கள் நம்மை எண்ணி அப்படி வகுத்திருக்கமாட்டார்கள். ஆயினும் நன்மை நமக்கு வாய்த்தது. 'தமிழ்' என்ற சொல், கட்டுரை தமிழில் இருக்குமிடத்தெல்லாம், பெரும்பாலும் கண்முன் நின்றது.

அடுத்த பெரிய மாற்றம் 2019-ஆம் ஆண்டில் திட்டமிடப்பட்டது. இம்முறை அவர்கள் ஆங்கிலத்தில் தொடங்கவில்லை. பிரெஞ்சு, ஹீப்ரு, பாரசீகம், பாஸ்க் முதலிய மொழிகளில் 2020-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு பகுதியாகச் செய்து பார்த்தார்கள். வலமிருந்து இடமாக எழுதும் மொழிகள் இரண்டு முதலிலேயே சேர்க்கப்பட்டதைப் பாராட்ட வேண்டும். ஆங்கிலத்திற்கெனத் தைத்த சட்டையைப் பிற மொழிகளுக்கு மாட்டிவிடும் வழக்கம் அங்கே சற்றுத் தளர்ந்தது. ஆங்கில விக்கிப்பீடியாவில் 2023-ஆம் ஆண்டு ஜனவரி 18-ஆம் நாள் புதிய தோற்றம் நடைமுறைக்கு வந்தது.

அதில் செய்தவற்றைச் சுருங்கச் சொல்கிறேன். வரிகளின் நீளத்தைக் குறைத்தார்கள். அகன்ற திரையில் இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை வரி ஓடினால், ஒரு வரி முடிந்து அடுத்த வரியின் தொடக்கத்தைக் கண் தேடிக் களைக்கும் என்பது காரணம். அச்சுத் தொழிலில் பழகியோர் இதனை நெடுநாளாக அறிவர். பக்கத்தின் இருபுறமும் வெற்றிடம் மிகுந்துவிட்டது என்று பலர் சினந்தனர். பழையதற்கே மீள வேண்டும் என்று கோரிப் பல நூறு பேர் கலந்துகொண்ட வாக்குவாதமும் நடந்தது. ஒருமித்த முடிவு ஏற்படாமையால் புதிய தோற்றமே நின்றது. ஆனால் வரியை அகலமாக்கிக்கொள்ளும் பொத்தான் ஒன்று தரப்பட்டது. 2024-ஆம் ஆண்டில் எழுத்தின் அளவைப் பெரிதாக்கவும், பின்னணியைக் கருமையாக்கவும் வசதி வந்தது. முதிய கண்களுக்கு இது பெரிய உதவி. தமிழ் எழுத்தில் மேலும் கீழும் சுழியும் கொம்பும் உண்டு. ரோம எழுத்துக்குப் போதுமான அளவில் தமிழை அச்சிட்டால் புள்ளியும் விலங்கும் மங்கிப் போகும்.

நமக்கு வேண்டியது மொழிப் பட்டியல். அதனை இடப்பக்கத்து அடியிலிருந்து எடுத்து, பக்கத்தின் தலைப்புக்கு நேரே வலப்பக்கத்து உச்சியில் வைத்தார்கள். கீழே உருட்டிச் சென்று தேட வேண்டுவதில்லை. பக்கம் திறந்தவுடனே அங்கே இருக்கிறது. இடம் மாறியது அறியாதவர் பழைய இடத்திற்குச் சென்று ஏமாறக்கூடாது என்று, பழைய இடத்தில் 'மொழி இணைப்புகள் மேலே தலைப்புக்கு எதிரே உள்ளன' என்ற பொருளில் ஓர் அறிவிப்பும் வைத்தார்கள். கடையை வேறு தெருவுக்கு மாற்றிய வணிகர் பழைய கதவில் விலாசம் எழுதி ஒட்டுவதைப் போன்ற பண்பு இது. மொழிகளுக்கு உச்சியில் இடம் தந்தது உண்மையில் பெரிய உயர்வு. 2010-ஆம் ஆண்டின் பிழைக்குக் கைம்மாறு செய்தார்கள் என்றே சொல்லலாம்.

ஆனால் உச்சியில் வைத்தது எதனை? அங்கே இருப்பது ஒரு பொத்தான். அதன்மேல் ஒரு சிறு சின்னமும், '42 மொழிகள்' என்பது போல ஓர் எண்ணும் இருக்கின்றன. சின்னம் யாதெனில், எழுத்து என்று பொருள்படும் சீனக் குறி ஒன்றும், ரோம எழுத்தின் முதல் எழுத்தும் இணைந்தது. கைபேசிப் பக்கத்தில் எண்கூட இல்லாமல் இச்சின்னம் மட்டுமே நெடுநாளாக வழங்கி வருகிறது. பொத்தானை அழுத்தினால் பட்டியல் விரியும். அதில் 'தமிழ்' இருக்கும். அழுத்தும் வரை அந்தச் சொல் இல்லை.

அதாவது, 2010-ஆம் ஆண்டில் பலர் எழுந்து தடுத்த அதே மறைப்பு, 2023-ஆம் ஆண்டில் நல்ல இடத்தில், நல்ல எண்ணத்தோடு, மரியாதையாக நடந்தேறிவிட்டது. சினந்தவர்கள் வெற்றிடத்தைப் பற்றிச் சினந்தார்கள். சொற்கள் மறைந்ததைப் பற்றி அவ்வளவு பெரிய ஓசை எழவில்லை. மேலே தூக்கி வைத்ததே எல்லோர் கண்ணையும் நிறைத்துவிட்டது. தேடி வருபவருக்கு வழி சுருங்கிற்று என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். பட்டியல் விரிந்ததும் அதிலுள்ள தேடும் கட்டத்தில் மொழியின் பெயரை ஆங்கிலத்தில் தட்டினாலும் தமிழ் கிடைக்கும்; இதுவும் நன்மையே. தேடாதவர் நிலை வேறு. 42 என்ற எண்ணைக் காணும் குழந்தைக்கு அந்த நாற்பத்திரண்டில் தன் வீட்டு மொழி உண்டு என்று எண் சொல்வதில்லை. பாட்டியார் அருகே அமர்ந்து திரையைப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். முன்பு அவர், 'அதோ, தமிழ் என்று போட்டிருக்கிறதே, அதைத் தொடு' என்று சொல்லியிருக்கக்கூடும். சீனக் குறியைக் காட்டி அப்படிச் சொல்ல அவரால் இயலாது.

ஆங்கிலப் பக்கத்தைப் படிக்கும் கன்னடக் குழந்தைக்கும் இதே நிலைதான். 2003-ஆம் ஆண்டிலேயே தொடங்கிய கன்னட விக்கிப்பீடியாவும் அதே பொத்தானுக்குள் அடங்கியிருக்கிறது. தெருப்பலகையில் ஒரு மொழிக்கு இடம் கூடினால் மற்றொன்றுக்குக் குறையும். இங்கே இருவர் வழக்கும் ஒன்றே. சேர்ந்து கேட்பதற்குத் தடை ஏதுமில்லை.

கேட்பது எப்படி என்று நேயர்கள் வினவலாம். மீடியாவிக்கியின் குறைகளையும் கோரிக்கைகளையும் பதிவு செய்யும் பொதுப் பதிவேடு ஒன்று இருக்கிறது. ஃபேப்ரிக்கேட்டர் என்பது அதன் பெயர். கணக்கு ஒன்றைத் தொடங்கி எவரும் அதில் எழுதலாம். எழுதிய ஒவ்வொன்றுக்கும் எண் கிடைக்கும். அதன்மேல் என்ன பேசினார்கள், என்ன செய்தார்கள் என்பது எவரும் காணும்படி அங்கேயே இருக்கும். பொத்தானின் அருகே, படிப்பவருக்கு உரிய இரண்டு மூன்று மொழிகளின் பெயரையேனும் வெளியே தெரியும்படி வைக்கலாம் என்பது என் கருத்து. 2016-ஆம் ஆண்டில் பொறுக்கிய முறை கையிலிருக்கிறது. அதனைப் பயன்படுத்த இடந்தான் வேண்டும். கேட்டவுடன் கிடைக்கும் என்று நான் உறுதி கூறமாட்டேன். திரையின் உச்சியில் இடம் கேட்போர் பலர்.

அதுவரை வீட்டிலேயே செய்துகொள்ளக்கூடியனவும் உண்டு. உங்கள் குழந்தையின் கணினியில் ஏதேனும் ஒரு கட்டுரையில் ஒருமுறை தமிழைத் தேர்ந்துவிட்டால், அந்த உலாவி அதனை நினைவில் வைத்துக்கொண்டு, அடுத்த முறை பட்டியல் விரியும்போது தமிழை முன்வரிசையில் காட்டும். கணக்குத் தொடங்கியவர் தம் விருப்பத் தேர்வுகளில், ஆங்கில விக்கிப்பீடியாவைப் படிக்கும்போதும் பொத்தான்களும் பட்டிகளும் தமிழில் தோன்றுமாறு அமைத்துக்கொள்ளலாம். பழைய தோற்றமே நன்று என்போர் அதனையும் தேர்ந்து வைத்துக்கொள்ளலாம். திறமூல மென்பொருளில் பழைய உடுப்பை எரித்துவிடுவதில்லை.

பட்டிகள் தமிழில் தோன்றும் என்றேனே, அந்தத் தமிழ் எங்கிருந்து வந்தது? அதுவும் தன்னார்வலர் செய்ததே. டிரான்ஸ்லேட்விக்கி என்னும் தளத்தில் மென்பொருளின் ஒவ்வொரு சொல்லும் சொற்றொடரும் மொழிபெயர்ப்புக்காக வைக்கப்பட்டிருக்கின்றன. கணக்கினுள் நுழைவதற்குப் 'புகுபதிகை' என்றும், புதிதாகச் செய்த திருத்தங்களுக்கு 'அண்மைய மாற்றங்கள்' என்றும் தமிழர் சொல் வகுத்தனர். தன்னார்வலர் கூடிப் பேசும் பக்கத்திற்கு ஆங்கிலத்தில் ஊர்க் குழாயடி என்ற பொருளில் பெயர் இருக்கிறது. தமிழில் அதற்கு 'ஆலமரத்தடி' என்று பெயரிட்டனர். அதைக் காணுந்தோறும் எனக்கு மகிழ்ச்சி உண்டாகிறது. தோற்றம் மாறும்போதெல்லாம் புதிய பொத்தான்கள் வரும். புதிய பொத்தான்களுக்குப் புதிய சொற்கள் வேண்டும். எவரும் மொழிபெயர்க்காவிடில் அந்த இடத்தில் ஆங்கிலம் அப்படியே நிற்கும். தமிழ்ப் பக்கத்தின் நடுவே திடீரென்று ஓர் ஆங்கில வரி தென்பட்டால், அது ஒருவருடைய அரைமணி நேரத்திற்காகக் காத்திருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

இன்னும் ஒன்று கூற வேண்டியிருக்கிறது. பொத்தானை எவ்வளவு அழகாக வைத்தாலும், தமிழில் கட்டுரை இல்லையேல் பட்டியலில் தமிழ் வாராது. தமிழகத்து ஊர்களையும் கோயில்களையும் பற்றி எழுதுவோர் பலர். நீங்கள் வாழும் ஊரைப் பற்றி, நீங்கள் அன்றாடம் நடக்கும் தெருவைப் பற்றி, அங்கே தமிழர் வந்து சேர்ந்த வரலாற்றைப் பற்றி, அச்சிட்ட சான்றுகளை வைத்துக்கொண்டு எழுதக்கூடியவர் அங்கேயே வாழும் தமிழர் அல்லரோ? ஆங்கிலக் கட்டுரையை அருகே வைத்துக்கொண்டு பத்தி பத்தியாகத் தமிழாக்கும் கருவி ஒன்றும் 2015-ஆம் ஆண்டு முதல் விக்கிப்பீடியாவில் இருக்கிறது. எழுதி முடித்தபின், ஒரே பொருளைப் பற்றிய எல்லா மொழிக் கட்டுரைகளையும் ஒன்றாகக் கோக்கும் விக்கித்தரவு என்னும் பொதுப் பதிவில் உங்கள் கட்டுரையை இணைத்துவிட வேண்டும். தண்டுப் பகுதியின் பேட்டை ஒன்றைப் பற்றி நீங்கள் எழுதியதாகவே கொள்வோம். இணைத்த சிறிது நேரத்தில், எவரையும் கேட்காமல், எவருடைய அனுமதிக்கும் காத்திராமல், அந்தப் பேட்டையைப் பற்றிய ஆங்கிலப் பக்கத்தின் உச்சியில் உள்ள பொத்தானின் எண் ஒன்று கூடியிருக்கும்.